‘உருகவே உருகாது’ என்ற உறுதியைக் காட்டி எதைக் கைவிடச் சொல்கிறார்கள்?

கோட்டூர்வாசி
9 பிப்ரவரி 2025, இரவு 9.40

சென்ற வாரம் நகரில் ஒரு கல்லூரியில் நடந்த உரைக்குப் போயிருந்தேன். நிதிநிலை அறிக்கையில் அணுசக்தி இயக்கத்துக்கென 20,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டதையும், உள்நாட்டில் வடிவமைத்த ஐந்து சிறிய அணு உலைகளாவது 2033-க்குள் இயங்கும் என்று சொல்லப்பட்டதையும் ஒட்டி நடந்த உரை அது. பேசியவர் விவரம் அறிந்தவர், நிதானமாகவே பேசினார். ஆனால் முடிக்கும்போது, “புதிய வகை உலைகள் உருகவே உருகா. இயக்குபவர் தூங்கிப்போனாலும் இயற்பியல் விழித்திருக்கும்” என்றார். விபத்தில் உலையின் எரிபொருளே உருகிப்போகும் ஆபத்து இல்லை என்பது அதன் பொருள். அரங்கம் கைதட்டியது. எனக்கு அந்த வாக்கியம் வீடு வந்து சேரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணு மின்சாரமே கூடாது என்பவன் அல்லன் நான். கல்பாக்கத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாம் அலகு 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அந்த மின்சாரத்தில் படித்து வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். என் கேள்வி வேறு. ஒரு வடிவமைப்பு பாதுகாப்பானது என்ற கூற்றை அளவுக்கு மீறி நம்பினால், அதைக் காட்டியே மற்றக் காப்புகளை ஒவ்வொன்றாகக் குறைத்துவிட முடியும் என்பதுதான் என் கவலை. இந்த உலை உருகாது, ஆகையால் கதிரியக்கத்தை உள்ளேயே அடைத்துவைக்கும் வலுவான காப்புக் கட்டடம் தேவையில்லை. கதிரியக்கம் வெளியே வராது, ஆகையால் 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அவசரகாலத் திட்டம் தேவையில்லை. தானே அணைந்துவிடும், ஆகையால் கட்டுப்பாட்டறையில் இத்தனை பேர் தேவையில்லை. அமெரிக்காவில் சிறிய உலைகளுக்கு அவசரகால மண்டலத்தை உலை வளாகத்தின் வேலி வரைக்கும் சுருக்கிக்கொள்ள விதி இடம் கொடுத்துவிட்டது. சீனாவின் ஷிடாவ்வான் உலையில், எரிபொருள் மணிகளின் பூச்சே காப்பு என்று கணக்கிட்டு, அழுத்தம் தாங்கும் காப்புக் கட்டடம் இல்லாமலேயே கட்டியிருக்கிறார்கள். மாடு சாது என்று சொல்லி வேலியைப் பிரிப்பது போன்ற காரியம் இது. சாது மிரண்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது எங்கோ நடக்கும் விவாதம் அன்று. என் வீட்டிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கல்பாக்கத்தில், எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வகையைச் சேர்ந்த 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலை நிற்கிறது. கட்டுமானம் 2004-இல் தொடங்கியது, 2010-இல் முடியும் என்றார்கள். சென்ற ஆண்டு மார்ச் மாதம்தான் எரிபொருள் நிரப்பும் பணி தொடங்கிவைக்கப்பட்டது, அணுப்பிளவுத் தொடர்வினை இன்னும் தொடங்கவில்லை. தொடங்குவதற்கு முன் இதைப் பேசிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். துறையில் இருந்தவர்கள் எழுதுங்கள்.


பழைய கட்டுப்பாட்டறை
9 பிப்ரவரி 2025, இரவு 11.15

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலைகளோடு வாழ்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எங்கே, எந்தப் பொறுப்பில் என்பதைச் சொல்லப்போவதில்லை.

ஐயா, ‘உருகவே உருகாது’ என்று பொறுப்புள்ள எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார். மேடைப் பேச்சை வைத்து வடிவமைப்பை எடைபோடாதீர்கள். கல்பாக்கம் ஈனுலையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் எச்ச வெப்பம் எழுந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் ஆறேழு சதவீதம், ஒரு மணி நேரம் கழித்து ஒன்றேகால் சதவீத அளவு. புகுஷிமாவில் உலைகளை உருக்கியது இந்த வெப்பம்தான். நம் ஈனுலையின் வெப்பத் திறன் 1250 மெகாவாட் என்பதால், ஒரு மணி நேரத்துக்குப் பின் எழும் வெப்பம் ஏறத்தாழ 16 மெகாவாட். உலையைக் குளிர்விக்க நீருக்குப் பதிலாக உலைக்கலனுக்குள் இருக்கும் திரவச் சோடியம் 1150 டன். அத்தனை வெப்பமும் வெளியேறாமல் அந்தச் சோடியத்திலேயே தங்கினாலும் அது மணிக்கு 40 டிகிரி அளவுக்குத்தான் சூடேறும். உலையிலிருந்து வெளிவரும் சோடியம் 547 டிகிரி, அது கொதிப்பது 883 டிகிரியில். அதாவது, எந்தக் குளிர்விப்பும் இல்லாவிட்டால்கூட யோசிக்கவும் செயல்படவும் பல மணி நேரம் கிடைக்கும். அதற்கு மேல், மின்சாரமோ பம்போ இல்லாமல் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றும் 8 மெகாவாட் திறனில் இருக்கின்றன. முதல் நாள் கடந்துவிட்டால் ஒரே சுற்று போதும். சோடியம் வளிமண்டல அழுத்தத்தையொட்டியே ஓடுவதால், நீர் உலையைப் போலக் குழாய் வெடித்து நீராவி பீறிடும் நிலைமையும் இல்லை. தொடர்வினையை நிறுத்த, ஒன்றையொன்று சாராத இரண்டு அமைப்புகளில் ஒன்பதும் மூன்றுமாகப் பன்னிரண்டு கோல்கள். அடியில், உருகியதை ஏந்திக்கொள்ளும் தட்டு.

இவற்றுக்கெல்லாம் சோதனைச் சான்று இல்லையா என்றால், இருக்கிறது. 1986 ஏப்ரல் 3-ஆம் நாள் அமெரிக்காவின் ஐடஹோவில், இபிஆர்-2 என்ற சோடிய உலையை முழுத் திறனில் ஓடவிட்டு, பம்புகளை நிறுத்தினார்கள், கோல்களை இறக்கவில்லை. உலை தானே அடங்கியது. அன்றே, வெப்பத்தை வெளியேற்றும் வழியை அடைத்தும் பார்த்தார்கள், அப்போதும் அடங்கியது. செர்னோபில் விபத்துக்கு 23 நாள் முன்பு நடந்தது இது. நீங்கள் குறை சொன்ன ஷிடாவ்வான் உலையிலும் 2023-இல் குளிர்விப்பை நிறுத்திச் சோதித்தார்கள், ஒவ்வொரு பகுதியும் 200 மெகாவாட் வெப்பத் திறனில் ஓடிக்கொண்டிருந்தபோதே. அதுவும் தானே ஆறியது. கட்டி முடித்து ஓட்டிய உலைகளில் கண்ட முடிவுகள் இவை.


இயற்பியல் ஆசிரியை
10 பிப்ரவரி 2025, காலை 6.50

பழைய கட்டுப்பாட்டறை ஐயா எழுதியதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 1986 சோதனையைக் கல்பாக்கம் உலைக்குச் சான்றாகக் காட்டும் இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

அந்த அமெரிக்க உலையின் வெப்பத் திறன் 62.5 மெகாவாட். நம்முடையது சரியாக அதைப் போல இருபது மடங்கு. அளவு வேறுபாடாவது போகட்டும், எரிபொருளே வேறு. அங்கே இருந்தது உலோக எரிபொருள், இங்கே புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த ஆக்சைடு. உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்துவதால் அதன் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவு. ஆக்சைடு வில்லையின் நடுப்பகுதியோ வெகு சூடாக இருக்கும். கோல்கள் இறங்காத நிலையில் திறன் குறையத் தொடங்கினால் அந்த நடுப்பகுதி குளிரும், அது குளிர்வதே தொடர்வினையை மீண்டும் தூக்கிவிடப் பார்க்கும். ‘தானே அடங்கும்’ என்ற குணம் அந்த எரிபொருளுக்கும் அந்த அளவுக்கும் உரியது. சோடியம் என்ற பெயர் பொதுவாக இருப்பதால் மட்டும் அது இங்கே வந்துவிடாது. இட்லிக்கு அரைத்த மாவைக் காட்டி முறுக்கு நன்றாக வரும் என்று சொல்ல முடியுமா?

அடுத்தது குமிழ். கூடங்குளம் போன்ற நீர் உலைகளில் நீர் ஆவியாகிக் குமிழானால் தொடர்வினை தளரும். பெரிய சோடிய உலைகளின் நடுப்பகுதியில் சோடியம் கொதித்துக் குமிழானால் தொடர்வினை வலுக்கும். கல்பாக்கம் ஈனுலையில் இந்த விளைவு கணிசமானது என்பதை வடிவமைப்பாளர்களே கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அஸ்வின் குமாரும் எம். வி. ரமணாவும் 2008-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. உலையின் மையப்பகுதி சிதைந்தால் வெளிப்படும் வெடிப்பாற்றல் 100 மெகாஜூல் என்று வைத்து, காப்புக் கட்டடத்தை 25 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் கால் பங்குக்கு, வடிவமைத்திருக்கிறார்கள். அனுமானங்களைச் சற்று மாற்றினால் அந்த 100 என்ற எண் பல மடங்காகும் என்று குமாரும் ரமணாவும் கணக்கிட்டுக் காட்டினார்கள். யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கோட்டூர்வாசி சொன்ன விஷயம் இங்கே அப்படியே பொருந்துகிறது. ‘அவ்வளவு பெரிய விபத்து நேராது’ என்ற கூற்றுதான் கட்டடத்தின் வலிமையைத் தீர்மானித்தது. கூற்று பொய்த்தால் கட்டடமும் தோற்கும், இரண்டும் தனித்தனிக் காப்புகள் அல்ல. ரஷ்யாவின் பிஎன்-800 என்ற சோடிய உலையில் இந்தக் குமிழ் விளைவைக் குறைப்பதற்கென்றே எரிபொருளுக்கு மேலே சோடிய வெளி ஒன்றை வைத்தார்கள். ஆகவே மாற்று வழி இல்லை என்றும் சொல்ல முடியாது.

எதிர்பாராதது எங்கிருந்து வரும் என்பதற்கு ஃபெர்மி-1 உலையை எண்ணிப் பாருங்கள். டெட்ராய்ட் நகருக்கு அருகே இருந்த சோடிய உலை அது. எரிபொருள் உருகினால் பரவச் செய்வதற்கென்று, கட்டுமானத்தின் பிற்பகுதியில், பாதுகாப்பை முன்னிட்டே கூடுதலாகச் சிர்கோனியத் தகடுகளைப் பொருத்தினார்கள். 1966 அக்டோபர் 5-ஆம் நாள் அவற்றில் ஒரு தகடு கழன்று சோடியம் நுழையும் துளைகளை அடைத்துக்கொண்டது. இரண்டு எரிபொருள் கட்டுகள் ஓரளவு உருகின. சோடியம் கண்ணுக்கு ஊடுருவித் தெரியாத திரவம் என்பதால் அடைத்தது என்ன என்று கண்டுபிடிக்கவே நெடுங்காலம் ஆனது. காப்புக்கென்று வைத்த தகடே விபத்துக்குக் காரணமாயிற்று.


சதுரங்கப்பட்டினத்தான்
10 பிப்ரவரி 2025, மதியம் 1.20

எனக்கு மெகாஜூல் தெரியாது. உலைக்குப் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவன். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தபோது எனக்குப் பதினொரு வயது. பழைய மின் நிலையத்தின் பம்பு அறைக்குள் நீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த அலகைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அது அவர்கள் திறமை, மறுக்கவில்லை. அப்போதுதான் வெட்டியிருந்த புதிய ஈனுலையின் அடித்தளக் குழி முழுவதும் கடல்நீர் நிரம்பிவிட்டது. ஈனுலை என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குழிதான்.

அவசரகால ஒத்திகை என்று சில முறை நடந்திருக்கிறது. ஒருமுறை எங்கள் குப்பத்துக்கு வந்தவர்கள், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விளக்கினார்கள். என் பாட்டியின் வீட்டில் சுவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி உண்டு, காற்று வருவதற்கென்றே விட்டது. “இதை எதனால் மூடுவது?” என்று பாட்டி கேட்டார். வந்தவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார், பதில் வரவில்லை. இப்போது புதிய உலைகளுக்கு அந்த ஒத்திகையும் தேவையில்லை என்று ஆகிவிடுமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.


மணலி மெக்கானிக்
10 பிப்ரவரி 2025, இரவு 8.05

வடசென்னையில் ஓர் இரசாயன ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். ‘மனிதக் கை படாமல் தானே இயங்கும் காப்பு’ என்று சொல்லப்படுவதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் தொட்டியின் அழுத்தம் எல்லை மீறினால் தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அதன் உணர்கருவியில் ஈரம் கோத்துக்கொண்டு, அழுத்தம் சரியாக இருக்கும்போதே மூடிவிடும். ஒருமுறை மூடினால் உற்பத்தி ஆறு மணி நேரம் நிற்கும். மூன்றாவது முறை நின்ற பிறகு பேனலில் அதன் சாவியை ‘கைமுறை’ என்ற பக்கம் திருப்பி, சாவியை எடுத்து மேற்பார்வையாளர் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். மழை ஓய்ந்ததும் மாற்றிவிடுவதாகப் பேச்சு. பொங்கல் கழிந்து சாவி அந்த இழுப்பறையிலேயே, ஒரு பழைய தேநீர்ச் சீட்டுக் கட்டுக்கு அடியில் கிடந்ததை நானே பார்த்தேன். தணிக்கைக்கு வந்தவர்களின் தாளில் அந்த வால்வு ‘தானியங்கி’ என்றே பதிவாகியிருந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாருக்கும் உற்பத்தி நெருக்கடி.

ஐயா சொன்ன காற்றுச் சுற்றுகளில் கதவுகள் இருக்கின்றனவா, அவை எப்போதும் திறந்தே இருக்குமா, திறக்க வேண்டுமா? அதைச் சொல்லுங்கள்.


அடையாறு ஆல்
10 பிப்ரவரி 2025, இரவு 9.30

எண்ணூரில் நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடப்பதை நேரில் பார்த்தவர்கள் இந்த இழையில் இருக்கக்கூடும். நேரலாம் என்ற அணு விபத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், அன்றாடம் நுரையீரலுக்குள் போகும் சாம்பலைப் பழகிய தீமை என்று விட்டுவிடுகிறோம். அணு உலையைத் தாமதப்படுத்தும் ஒவ்வோர் ஆண்டும் நிலக்கரிதான் எரிகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் காற்றால் குளிர்விக்கும் உலை என்ன ஆகும் என்றெல்லாம் சிலர் கேட்கிறார்கள். அத்தகைய பயங்கள் பரவுவதும் நல்லதன்று.


கோட்டூர்வாசி
10 பிப்ரவரி 2025, இரவு 10.10

எண்ணூரைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நிலக்கரியை நிறுத்த அணு உலையும் தேவைப்படலாம். அப்படித் தேவைப்படும் ஒன்றின் மீது மிகையான உறுதிமொழியை ஏற்றினால், முதல் கசிவிலேயே மொத்தத் திட்டமும் மக்கள் நம்பிக்கையை இழக்கும் என்பதற்கு ஜப்பானின் மோஞ்சு என்ற சோடிய உலையே சான்று. 1995 டிசம்பர் 8 அன்று வெப்பநிலை அளக்கும் சிறு கருவியின் உறை, சோடிய ஓட்டத்தின் அதிர்வில் முறிந்து, ஏறத்தாழ 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. கதிரியக்கம் வெளியேறவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் சேதத்தைக் காட்டும் படப்பதிவை வெட்டிக் குறைத்து வெளியிட்டது அம்பலமானதும் உலை 2010 வரை மூடிக்கிடந்தது. மீண்டும் தொடங்கிய சில மாதங்களில் 3.3 டன் கருவி ஒன்று உலைக்கலனுக்குள் விழுந்தது. 2016-இல் கைவிட்டார்கள். அந்த உலையைச் சோடியத்தீயைக் காட்டிலும் அந்தப் படப்பதிவுதான் அதிகமாகக் கெடுத்தது என்பது என் கருத்து.


பழைய கட்டுப்பாட்டறை
11 பிப்ரவரி 2025, காலை 5.45

இரவு தூக்கம் பிடிக்காமல் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

வெயிலைப் பற்றிய பயத்துக்கு அடிப்படை இல்லை. சோடியம் 500 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 30 டிகிரியா 42 டிகிரியா என்பது பெரிய வேறுபாடு அன்று.

குமிழ் விளைவு சிறிய அளவில் கனநீர் உலைகளிலும் உண்டு. அதை நாற்பது ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறோம். ஈனுலையில் கொதிநிலைக்கு முன்னூறு டிகிரிக்கு மேல் இடைவெளி இருப்பதையும் அம்மா மறக்கக் கூடாது. ரஷ்யாவின் பிஎன்-600 உலையில் 27 கசிவுகள், 14 தீ விபத்துகள் நேர்ந்தும் அது 1980 முதல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. கசிவு வேறு, பேரழிவு வேறு. ஆனால் ஐடஹோ சோதனையை இங்கே பொருத்தியது என் பிழைதான். எரிபொருள் வேறுபாட்டை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். பல கூட்டங்களில் அந்தச் சோதனையை இப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம்.

மணலித் தம்பி கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். ஆம், அந்தச் சுற்றுகளில் காற்றுக் கதவுகள் உண்டு. அவற்றை எப்போதும் அகலத் திறந்து வைக்க முடியாது, ஏனெனில் சோடியம் 98 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், உற்பத்திக்கான வெப்பமும் வீணாகும். ஆகவே தேவைப்படும் நேரத்தில் கதவு திறந்தாக வேண்டும். ஒரே கோளாறு எல்லாவற்றையும் முடக்காதபடி வெவ்வேறு வகை இயக்கிகளை வைத்திருக்கிறார்கள், கையாலும் திறக்கலாம். கதவு திறந்த பிறகு நடப்பது முழுவதும் இயற்பியல், கதவைத் திறப்பது மட்டும் பராமரிப்பு. கடற்கரையில் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைக் கல்பாக்கம் குடியிருப்பில் சன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில், எரிபொருளை மறுபதப்படுத்தும் ஆலையில், ஒரு வால்வு கசிந்து கடும் கதிரியக்கக் கழிவு வேறொரு தொட்டிக்குள் சேர்ந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப்போன இடத்தில் ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வடிவமைப்பு வரைபடத்தில் அந்த வால்வு கசியாத வால்வுதான்.


இயற்பியல் ஆசிரியை
11 பிப்ரவரி 2025, மாலை 4.30

ஐயா, உங்கள் கடிதத்தை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டினேன். ‘தானே ஆறும்’ என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரு நிபந்தனை உண்டு என்பதை அதைவிடத் தெளிவாக நான் விளக்கியதில்லை.

ஒரு சேர்க்கை. ஷிடாவ்வானைப் போல உருகாது என்று பெயர் பெற்ற உருண்டை எரிபொருள் உலையின் முதல் மாதிரி, ஜெர்மனியின் யூலிக் நகரில் 1988 வரை ஓடியது. அதன் உள்ளே வெப்பநிலை எவ்வளவு என்று கருவி வைத்து அளக்க வழியில்லை, ஆகவே கணக்கை நம்பியே ஓட்டினார்கள். பின்னர், வெவ்வேறு வெப்பநிலையில் உருகும் கம்பிகளை வைத்த உருண்டைகளை உள்ளே போட்டு எடுத்துப் பார்த்தபோது, கணக்கிட்டதைவிட 200 டிகிரிக்கும் மேல் சூடாக இருந்தது தெரிந்தது. எரிபொருள் உருகவில்லை, சொன்ன சொல் பொய்க்கவில்லை. ஆனால் சீசியமும் ஸ்டிரான்சியமும் கசிந்து உலைக்கலன் முழுவதும் படிந்துவிட்டன.


கோட்டூர்வாசி
11 பிப்ரவரி 2025, இரவு 9.00

அப்படியானால் கணக்கை யார் சரிபார்க்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அரசாணையால் அமைந்தது. அது பதில் சொல்ல வேண்டிய அணுசக்தி ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலாளரும். இந்த ஏற்பாட்டில் வாரியத்துக்குத் தன்னாட்சி இல்லை என்று 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதினார். தனி ஆணையம் அமைக்கும் 2011 மசோதா 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடும்படி மத்தியத் தகவல் ஆணையம் 2012-இல் உத்தரவிட்டபோது அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். இப்போது, அணு விபத்து நேர்ந்தால் உலை விற்பவரிடமும் இழப்பீடு கேட்க இடம் தரும் 2010 இழப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தப்போவதாக நிதிநிலை அறிக்கை சொல்கிறது. இயக்குபவரின் பொறுப்புக்கு அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பே 1,500 கோடிதான். உருகவே உருகாத உலையை விற்பவர், அது உருகினால் தன் மீது வழக்கு வரக்கூடாது என்று ஏன் இவ்வளவு உறுதியாகக் கேட்கிறார்?


பழைய கட்டுப்பாட்டறை
11 பிப்ரவரி 2025, இரவு 10.20

காப்பீடு தருபவர்கள் எல்லை தெரியாத பொறுப்பை ஏற்கமாட்டார்கள், அதனால் கேட்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். அது எனக்கே முழுத் திருப்தி தரவில்லை.

நீங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதப்போவதாக இருந்தால் ஒரு யோசனை. ‘பாதுகாப்பு ஆய்வறிக்கை முழுவதையும் தருக’ என்று கேட்டால் நாட்டின் பாதுகாப்பு, வணிக இரகசியம் என்ற இரண்டு பதில்களில் ஒன்று வரும். மறுக்க முடியாத சிறிய கேள்வியாகக் கேளுங்கள்.


சதுரங்கப்பட்டினத்தான்
12 பிப்ரவரி 2025, காலை 7.10

நீங்கள் கேள்விகளை எழுதிக் கொடுங்கள், எங்கள் ஊர் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகவே அனுப்புகிறோம். பாட்டி வீட்டுக் கூரை இடைவெளியையும் முதல் கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பழைய கட்டுப்பாட்டறை
12 பிப்ரவரி 2025, காலை 9.35

கூரையைப் பற்றிய கேள்வி முதலில் இருக்கட்டும், தம்பி. இரண்டாவதாக இதை அப்படியே எழுதுங்கள்: “முன்மாதிரி அதிவேக ஈனுலையின் எச்ச வெப்ப நீக்கச் சுற்றுகளில் உள்ள காற்றுக் கதவுகள், பொருத்தப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை எத்தனை முறை திறந்து சோதிக்கப்பட்டன? அவற்றில் எத்தனை முறை ஏதேனும் ஒரு கதவு முழுமையாகத் திறக்கவில்லை? அவ்வாறு திறக்காதபோது அது எத்தனை நாட்களில் சரிசெய்யப்பட்டது?” இந்த விவரம் பதிவேட்டில் கட்டாயம் இருக்கும். தேதி வாரியாகக் கேளுங்கள், மொத்தமாகக் கேட்டால் சராசரியைத் தந்துவிடுவார்கள்.